ஈஜிபுராவில் ஒருநாள் விட்டு ஒருநாள் மழை

ஈஜிபுரா, பெங்களூரு
சனிக்கிழமை

அன்புள்ள அக்கா மகள் ரூபினிக்கு, மாமா தனக்கோடி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தையும் சுகம். உன் உடம்பும் மழை ஆராய்ச்சியும் சுகமா? உடம்பைப் பற்றிக் கவலையில்லை. ஆராய்ச்சியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. நாளைக்கு உன் ஹாஸ்டல் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிடுவேன். திங்கட்கிழமை நீ ஆராய்ச்சியைப் பற்றிப் பேச மேடை ஏறுமுன் படித்துவிடு.

மாடியில் மழையை அளக்கச் சொல்லி மழைமானியைக் கொடுத்தபோது நீ சொன்னாயே, "மாமா, வாளியானாலும் காவிரியானாலும் கணக்கு ஒண்ணுதான். வந்த தண்ணியில போன தண்ணியக் கழிச்சா, மீதி உள்ள நிக்கும்" என்று, அது எனக்கு ரொம்பப் பிடித்துப்போய் அன்றைக்கே வீட்டில் ஆரம்பித்தேன். பன்னிரண்டு வாளி பிடித்தோம், எட்டு செலவு, இரண்டு மீதி, இரண்டைக் காணோம். "ரெண்டு வாளி ஆவியாப் போச்சா?" என்று உன் அத்தையைக் கேட்டேன். "இப்படியே கேட்டுக்கிட்டு நின்னீங்கன்னா நான்தான் ஆவியாப் போவேன்" என்றாள்.

சரியென்று மொட்டைமாடிக்குப் போனேன். காற்றில் சாயக்கூடாதே என்று மழைமானியைத் தண்ணீர் டேங்க் ஓரமாகப் பத்திரமாக வைத்து, தினம் காலை எட்டரைக்கு அளந்து உனக்கு அனுப்பினேன். ஏப்ரல் மாதம், வானத்தில் ஒரு துண்டு மேகமில்லை. ஆனாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் நாற்பது மில்லிமீட்டர். நான் குளிக்கப் போன நேரத்தில் பெய்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நீ போன் பண்ணி, "மாமா! பக்கத்துக் கோரமங்கலால ஒரு சொட்டு இல்ல, ஈஜிபுராவுல மட்டும் கொட்டுது! ப்ரொஃபசர் ஆடிப்போய்ட்டாரு!" என்று கத்தினாய். முப்பது வருஷம் ஃபாக்டரி கேட்டில் வண்டி நம்பர் எழுதினவன்மா நான். என் எழுத்தைப் பார்த்து யாரும் இப்படிச் சந்தோஷப்பட்டதேயில்லை. தெருவெல்லாம் சொல்லிவிட்டேன்.

நேற்று வீட்டுக்காரர் ஸ்ரீஹர்ஷா மாடிக்கு வந்தார். நான் குனிந்து அளப்பதைப் பார்த்து, "ஏன் சார், டேங்க் ரொம்பி வழியற நீரைப் போயி அளக்கறீங்க?" என்றார். நிமிர்ந்தேன். நேர் மேலே குழாய். அவர் மோட்டார் போடுவது ஒருநாள் விட்டு ஒருநாள்.

ஊர் மழைக் கணக்குல ஒரு வீட்டு டேங்க் போய் உட்கார்ந்திருக்கு! ஏப்ரல் மாதத்தையே அடித்துவிடம்மா. தப்பு மாமாவுடையது என்று ப்ரொஃபசரிடம் சொல்லு, வேண்டுமானால் நானே வந்து நிற்கிறேன். மழைமானியை வந்து எடுத்துக்கொண்டு போ. இனி அதை விரலால் கூடத் தொடமாட்டேன்.

நீ தடங்கல் இல்லாமல் பேசி முடிக்க முனீஸ்வரனை வேண்டிக்கொள்கிறோம். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
தலைகுனிந்த மாமா,
தனக்கோடி

பி.கு.: ஞாயிறு காலை. மனசு கேட்கவில்லை. நேற்று மதியமே மழைமானியை மாடிப்படித் தகரக் கூரைக்குக் கீழே மாற்றி வைத்துவிட்டேன். இனி எவன் வீட்டுக் குழாய்த் தண்ணீரும் அதில் விழாது. நேற்று சாயங்காலம் நம் தெருவில் முழங்காலளவு வெள்ளம், மழைமானியில் சுத்தமாகப் பூஜ்யம். ப்ரொஃபசரிடம் உடனே சொல்லு, ஆடிப்போய்விடுவார்.