முத்துவின் புரட்டாசி விரதம்

என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் சரக்கைப் பொய்யாகக் காட்டியிருக்கிறேன். அதுவும் சுங்கத்துறையிடம் இல்லை, பெற்ற அம்மாவிடம்.

இது எவ்வளவு பெரிய பாவம் என்று புரிய வேண்டுமானால் என் பிழைப்பைச் சொல்ல வேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்துபோகும் கன்டெய்னர்களுக்குத் தாள் தயாரிக்கும் அலுவலகத்தில் அப்போது வேலை பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறதோ அதைத்தான் மேலே எழுத வேண்டும். முந்திரிக்கொட்டை என்றால் முந்திரிக்கொட்டை, பழைய இரும்பு என்றால் பழைய இரும்பு. இருபத்தாறு வயதில் என் கை பட்ட ஒரு தாள்கூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை. (இதை வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லுவேன். யாரும் கேட்டதில்லை.)

அந்த வருடம்தான் முத்து எங்கள் வீட்டுக்கு வந்தது. சென்னையில் இருந்த நண்பன் துபாய்க்குக் கிளம்பும்போது, தான் வளர்த்த லெப்பர்ட் கெக்கோ என்ற வெளிநாட்டுப் பல்லியை என் தலையில் கட்டிவிட்டான். ஒரு சாண் நீளம். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், கண்ணுக்கு இமை, தடித்த வால். சுவரில் ஏற மட்டும் தெரியாது. வாங்கிய ரசீது, அரசாங்கப் பதிவு எல்லாவற்றையும் பெயர் மாற்றி வரிசையாக அடுக்கி ஒரு கோப்பு போட்டேன். என் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குக்கூட அப்படி ஒரு கோப்பு கிடையாது. ஊரிலேயே இப்படியொரு பல்லி வளர்ப்பவன் நான் ஒருவன்தான் என்று நானே அறிவித்தும் கொண்டேன்.

ஓட்டை போட்ட டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்து இறங்கியவனை அம்மா வாசலிலேயே நிறுத்தினாள்.

“என்னலே இது?”

“சிறுத்தைப் பல்லிம்மா.”

“சிறுத்தையா, பல்லியா? ஏதாவது ஒண்ணச் சொல்லு.”

“பல்லிதான்.”

“செவுத்துல ஓசியில கெடக்கத விட்டுட்டு, ரயிலேத்திக் கூட்டிட்டு வந்தியாக்கும்!”

அத்தோடு சரி. அம்மாவின் கோபம் பால் பொங்குகிற மாதிரி, அடுப்பை அணைத்தால் இறங்கிவிடும். என் அறை மூலையில் கண்ணாடித் தொட்டி வைத்தேன். முத்துவுக்குச் சாப்பாடு மீல்வார்ம் என்னும் புழு, வெளிர் மஞ்சளில் ஒல்லியாக, விரல் கணு நீளத்துக்கு இருக்கும். மதுரையில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி கூரியரில் அனுப்புவார். முத்து தின்னும், வால் கொழுக்கும், அந்த வாலைப் படம் எடுத்து அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டுவேன். மற்றவர்கள் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் காட்டினார்கள், நான் வாலைக் காட்டினேன்.

பிறகு புரட்டாசி வந்தது.

எங்கள் பூர்வீகம் ஸ்ரீவைகுண்டம் பக்கம், ஆற்றுப் பாசன நெல்வயல் குடும்பம். இப்போது தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டையில், திருநெல்வேலி சாலையோரம் வீடு. மற்ற பதினோரு மாதமும் மீன் இல்லாமல் எங்களுக்குச் சோறு இறங்காது. புரட்டாசி பிறந்துவிட்டால் மீன்சட்டி பரணுக்குப் போய்விடும். மூன்றாம் சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போடுவோம். சொந்தக்காரர்கள் எல்லாம் காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு இருந்து, பெருமாளுக்குப் படைத்த பிறகுதான் சாப்பிடுவார்கள். அந்த மாதம் முழுவதும் வீட்டுக்குள் ஒரு முட்டைகூட வரக்கூடாது.

மாதம் பிறந்த அன்று அம்மா என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“இந்தா பாரு, இன்னையிலேர்ந்து இந்த வீட்டுல உள்ள உயிரெல்லாம் சைவம். அதுவுந்தான்.”

“அம்மா, அது பல்லி.”

“பெருமாள் வீட்டுப் பல்லிதான? ஒரு மாசம் காய்கறி தின்னா கொறஞ்சு போயிராது. புழு கிழுன்னு உள்ள வந்துச்சு, அதையும் தூக்கி வெளிய வச்சிருவேன், ஒன்னையும் வச்சிருவேன்.”

மறுத்துப் பேசியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? இதிலும் ஒரு சாதனை செய்யலாம் என்று கிளம்பினேன். உலகத்திலேயே முதன்முதலாகப் பல்லியைச் சைவமாக்கியவன்! கேரட்டைப் புழு அளவுக்குச் சீவி வைத்தேன். முத்து அதன்மேல் ஏறி நடந்தது. பீன்ஸ் வைத்தேன், படுத்துக்கொண்டது. தயிர்சாதத்தில் ஒரு பருக்கையை நூலில் கட்டி அதன் முகத்துக்கு நேரே ஆட்டினேன். இமையை மெதுவாக மூடித் திறந்து என்னைப் பார்த்தது. அலுவலகத்தில் மேலாளர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. வால் இளைத்தது. தினமும் நூல் வைத்து அளந்தேன். அலுவலகத்தில் தாளைப் பார்த்தால் வால்தான் தெரிந்தது. முத்து செத்துப்போகும், அதைக் கொன்றவன் நான்தான் என்று நிஜமாகவே பயந்துவிட்டேன். (அந்த வால் முழுக்கக் கொழுப்பு, இன்னும் பல வாரம் தாங்கியிருக்கும் என்று பிறகுதான் படித்தேன். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.)

மதுரை அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். தளிகைக்கு முந்தின நாள் மாலை கூரியர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. ஐநூறு புழு. வீட்டுக்குள் எப்படிக் கொண்டுபோவது? என் அறையை அம்மா தினமும் பெருக்கித் துடைக்கிறாள். அப்போதுதான் என் தொழில் மூளை வேலை செய்தது. சந்தேகமான சரக்கை அதே நிறச் சரக்கோடு கலந்து வைத்தால் யார் கண்டுபிடிப்பார்கள்? ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ரவையைக் கொட்டி, புழுக்களை அதற்குள் விட்டு, ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் “ரவை” என்று எழுதி ஒட்டினேன். வீடு நிறையப் பெண்கள் சுத்தம் செய்துகொண்டிருந்ததால் அன்று முத்துவின் பக்கம் போக முடியவில்லை. மறுநாள் சந்தடி அடங்கியதும் கொடுத்துக்கொள்ளலாம் என்று சமையலறை மேல்தட்டில், மற்ற டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தேன். வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதுதான் இதில் கேவலம்.

மறுநாள் காலையில் கயத்தாறிலிருந்து அத்தை வந்து இறங்கினாள். அப்பாவின் அக்கா. எங்கள் குடும்பத்தில் கேசரி என்றால் அத்தைதான், வேறு யாரும் கரண்டியைத் தொடக்கூடாது. அம்மா பூஜை அறையில் மாவிளக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு பேர் நெற்றியில் நாமத்தோடும் காலி வயிற்றோடும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து நெய் மணமும் அத்தையின் குரலும் சேர்ந்து வந்தன.

“ஏளா லெச்சுமி! ரவையோட சேமியாவையும் கலந்து வச்சிருக்கியே, நல்ல யோசனதான்!”

பூஜை அறையிலிருந்து அம்மா, “நான் ஒண்ணும் கலக்கலியே மதினி” என்றாள்.

“அப்ப கடைக்காரன் கலந்திருப்பான். நெய்யில போட்டதும் என்னமா துள்ளுது பாரு!”

ஓடினேன். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறதென்று அத்தை அதைக் கழற்றி ஜன்னலில் வைத்திருந்தாள். வாணலியில் ரவை பொன்னிறமாக வறுபட்டுக்கொண்டிருந்தது. சேமியாவும்தான். மேடையில் என் டப்பா திறந்திருந்தது, “ரவை” என்ற எழுத்து என்னைப் பார்த்துச் சிரித்தது.

உடனே உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. முதலில் வாணலியைத் தட்டிவிடப் பார்த்தேன். கால் இடறுவதுபோல் சாய்ந்தேன். அத்தை ஒரு கையால் வாணலியையும் மறு கையால் என்னையும் பிடித்து நிறுத்தினாள்.

“என்ன மருமவனே, பசி மயக்கமா? பொறு, பெருமாளுக்குப் படச்சிட்டு மொதக் கரண்டி ஒனக்குத்தான்” என்று சொல்லி வெந்நீரை ஊற்றினாள், சர்க்கரையைக் கொட்டினாள், முந்திரியைத் தூவினாள்.

படைப்பதற்கு முன் யாரும் ருசி பார்க்கக் கூடாது என்பது தளிகை நியதி. அந்த நியதியை ஏற்படுத்திய புண்ணியவான் யாரோ, அவர் காலில் விழுகிறேன். ஆனால் கேசரி கிண்ணத்துக்கு மாறிவிட்டது. அத்தை அதைத் தூக்கிக்கொண்டு பூஜை அறைக்கு நடந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் முத்து பிழைக்கும், எனக்கும் பேர் கெடாது. ஆனால் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை பெருமாளுக்குப் புழு படைத்தவன் ஆவேன். கிண்ணம் இலையைத் தொட இரண்டு அடி இருக்கும்போது கத்திவிட்டேன்.

“அத்த, வைக்காதீங்க! அது சேமியா இல்ல. புழு!”

அப்பாதான் முதலில் வாய் திறந்தார்.

“எத்தனலே?”

“மொத்தம் ஐநூறு. அத்த பாதிதான் கொட்டியிருக்காங்க.”

கணக்கைச் சரியாகச் சொன்னால் குற்றம் குறையும் என்று எனக்கு அப்போது ஒரு நம்பிக்கை. அத்தை கண்ணாடியை எடுத்துவரச் சொன்னாள். போட்டாள். கிண்ணத்துக்குள் குனிந்து பார்த்தாள்.

“அடப் பாவி! பேரு எழுதி ஒட்டியிருந்தத நம்பித்தானல எடுத்தேன்!”

வேறு யார் திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன். தாளில் எழுதியதை நம்பி ஒருத்தி ஏமாந்தாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. காது சுட்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கேசரி கொல்லைக் குழிக்குள் போனது. சமையலறையைக் கழுவினார்கள். அத்தை தலைக்குக் குளித்தாள், அவளைத் தொட்டவர்கள் எல்லோரும் குளித்தார்கள், எனக்குத் தனியாக இரண்டு முறை. பெருமாள் அந்த வருடம் கேசரிக்குப் பதில் வெல்லமும் பொட்டுக்கடலையும் வாங்கிக்கொண்டார். தளிகை முடிய இரண்டு மணி நேரம் தாமதம். அத்தனை நேரமும் இருபத்திரண்டு காலி வயிறுகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

இலை போட்டாகிவிட்டது. அம்மா உட்காரவில்லை. நேராக என் அறைக்குப் போனாள். முத்துவின் கதை முடிந்தது என்று பின்னாலேயே ஓடினேன். அம்மா தொட்டிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாலு என்னலே இப்படி ஆயிட்டு?”

“திங்கலம்மா.”

“எத்தன நாளா?”

“பதினேழு நாளு.”

“எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?”

“காய்கறி திங்க மாட்டேங்குன்னு சொன்னேனே.”

“அதச் சொன்ன. பட்டினியாக் கெடக்குன்னு சொன்னியா?” அம்மாவின் குரல் உடைந்தது. “விரதம்னா நாம நேந்துக்கிட்டு இருக்கது. அது என்னைக்குல நேந்துச்சு? தளிகை நாளும் அதுவுமா எம் வீட்டுல ஒரு உயிரு பட்டினியா கெடக்கே!”

திரும்பிக் கூடத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். “யாரும் இலையில கைய வைக்காதீங்க. அது தின்ன பொறவுதான் நமக்கு.”

வீட்டுக்குள் புழு வரக்கூடாது என்ற சட்டம் அப்படியே நின்றது. மொட்டை மாடி வீட்டுக்குள் இல்லை என்று அம்மாவே தீர்ப்பு சொன்னாள். தண்ணீர்த் தொட்டி நிழலில் முத்துவின் பெட்டியை வைத்தோம். அம்மா வாழை இலையில் ஒரு துண்டு கிழித்து உள்ளே போட்டாள். டப்பாவில் மிஞ்சியிருந்த ரவையைச் சலித்து, உயிரோடிருந்த புழுக்களில் பத்தை எடுத்து இலையில் விட்டேன். இருபத்திரண்டு பேரும் படியேறி வந்து சுற்றி நின்றார்கள். கீழே சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

முத்து அசையவில்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். “திங்கச் சொல்லேம்ல!” என்று அத்தை என் விலாவில் இடித்தாள். அம்மா கைகூப்பியபடி நின்றாள். அப்போது வால் நுனி லேசாகத் துடித்தது. தலை சாய்ந்தது. ஒரே பாய்ச்சல்.

“கோவிந்தா!” என்று அத்தைதான் முதலில் கத்தினாள். மாடியே கோவிந்தா போட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சாமி வந்துவிட்டது என்று எட்டிப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் எனக்கு அத்தனை பேர் சேர்ந்து கைதட்டியதில்லை. எனக்கில்லைதான், ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

இன்று எந்தக் கல்யாணப் பந்தியில் சேமியா பாயசம் வந்தாலும் எங்கள் ஆட்கள், “துள்ளாததுதான?” என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். நான் சுங்கத் தரகு அலுவலகம் ஒன்றுக்கே பொறுப்பாளனாகி நாலு வருடம் ஆகிறது. அத்தை இன்னும் நான் எழுதிய எதையும் நம்புவதில்லை, கல்யாணப் பத்திரிகை உட்பட. ஆனால் புரட்டாசி பிறந்தால் முத்துவின் பெட்டி மாடிக்குப் போவதும், மூன்றாம் சனிக்கிழமை அதற்கு முதலில் இலை விழுவதும் எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டன.

போன வருடம் அந்த நாளில் வேலையாகக் கொழும்பில் மாட்டிக்கொண்டேன். மதியம் பசியோடு வீட்டுக்குப் போன் செய்தேன். பிள்ளை ஊருக்கு வராத வருத்தத்தில் அம்மா அழுவாள் என்று ஆறுதல் வார்த்தைகூட யோசித்து வைத்திருந்தேன்.

“முத்து இன்னும் திங்கல. எல்லாரும் மாடியில நிக்கோம். நீ போன வையி, சத்தத்துல அவன் பயப்படுதான்” என்று சொல்லிவிட்டு அம்மா வைத்துவிட்டாள்.