நாற்காலிக் காலுக்கு ஒரு வெல்டிங் மிஷின்

மின்னசோட்டா,
மார்ச் 20

அன்புத் தங்கை மார்லிஸுக்கு அண்ணன் டுவேன் எழுதுவது. இங்கே நானும் பனியும் நலம். அரிசோனா வெயிலில் நீயும் மாப்பிள்ளை ஹெரால்டும் வாடாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எனக்கு ஒரு வெல்டிங் மிஷின் வேண்டும். எதை வாங்குவதென்று நீதான் சொல்ல வேண்டும். சமையலறையில் எனக்கு எதிரே இருக்கும் இரும்புக்குழாய் நாற்காலியின் கால் ஜனவரியில் விட்டுப்போனது. உன் அண்ணி லொரெய்ன் காலமான பிறகு அதில் யாரும் உட்காருவதில்லைதான். ஆனாலும் அது சுவரில் சாய்ந்து கிடக்க, எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதலில் ராடு வைத்து ஒட்டும் மிஷின் வாங்கினேன், குழாய் மெல்லிசு, ஒட்டப்போன இடத்தில் விரல் நுழைகிற ஓட்டை, திருப்பிக் கொடுத்தேன், கம்பி தானாக ஓடிவரும் சின்ன மிஷின் தந்தார்கள், அதைப் போட்டதும் கராஜில் ஃபியூஸ் போய், நான் கவனிக்காமல் விட்டு, அங்கே ஃப்ரீசரிலிருந்த மீனெல்லாம் உருகி, மூணு நாள் மீனாவே தின்னேன். கடையில் அடுத்துக் காட்டுகிற மிஷினுக்கு ஒரு கையில் சுடர், மறு கையில் கம்பி, காலில் பெடல். என் முழங்காலுக்கு அது ஆகுமா, நீயே சொல்லு. கடைக்காரன் கர்ட்டிஸ், "பெரியவரே, ஒத்தை நாற்காலிக் காலுக்கா இத்தனை பாடு?"ங்கறான். அவனோட பேசத்தான் அடிக்கடி போறேன்னு அவனுக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டு வேட்கிட்ட நல்ல மிஷின் இருக்கு. டெக்சாஸ்காரன், புதுசா குடிவந்தவன். ஜனவரியிலேயே, "குடுங்க, பத்து நிமிஷத்துல ஒட்டித் தர்றேன்"ன்னான். "உனக்கெதுக்குப்பா சிரமம்"னேன். "சிரமமே இல்லீங்க, வாங்க, காபியும் போடறேன்"னான். "பரவால்லப்பா"ன்னேன். மூணாவது தடவை கேப்பான், சரின்னு சொல்லலாம்னு நாற்காலியக் கையில புடிச்சிட்டு நிக்கறேன். "சரிங்க, உங்க இஷ்டம்"னு போயிட்டான். நம்மூர்ல மூணு தடவை கேக்காம யாராவது விட்டிருக்காங்களா? ரெண்டு மாசமாச்சு, இன்னும் கேக்கல.

ஆகவே மிஷின் வாங்குவதே மரியாதை. நான் தனியாகக் கிடக்கிறேன் என்று நீ கவலைப்படாதே, நேரமே போதவில்லை. உன் பதில் வரும்வரை எதையும் வாங்க மாட்டேன். மாப்பிள்ளைக்கு என் அன்பு, பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி.

உன் அண்ணன்,
டுவேன்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. கடிதத்தைப் போட வெளியே போனபோது வேட் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தான். "இன்னிக்குக் குளிர் தேவலைல்ல?"ன்னான். "சரிப்பா, நீ இவ்வளவு வற்புறுத்தறதால நாற்காலிய எடுத்துட்டு வர்றேன்"னேன். ஒட்டி, அவனே தூக்கிவந்து சமையலறையில் எனக்கு எதிரே போட்டு, பலம் பார்க்க அதில் உட்கார்ந்தான். ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அது லொரெய்னின் இடம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் எழுந்துவிடுவான்.