வேட்டுச் சத்தத்தோடு பெண் பார்க்கப் போன கதை

புதுக்கோட்டைச் சீமையில் மூச்சு விடுவதைக்கூட வீண் வேலை என்று நினைத்த ஒரே மனிதர் எங்கள் கார் மெக்கானிக் 'அவசரம்'தான். திருக்கோகர்ணத்தில் பட்டறை. வண்டி நிற்பதற்குள் பானெட்டைத் திறந்துவிடுவார். "எஞ்சின்ல ஒரு..." என்று நாம் ஆரம்பித்தால், "தெரியும், தள்ளுங்க" என்பார். வாங்கிக் கொடுத்த காபியில் பாதியைக் குடித்துவிட்டு அடுத்த வண்டிக்கு ஓடிவிடுவார்.

1950களில் ஒருநாள் எனக்குப் பெண் பார்க்கக் கீரமங்கலம் புறப்பட்டோம். ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. "இதுவும் போச்சுன்னா நீ சாமியாராப் போயிரு" என்று ஆத்தா சொல்லிவிட்டாள். மாமாவின் பழைய பெட்ரோல் காரை முதல் நாள்தான் அவசரம் சரிபார்த்திருந்தார். துணைக்கு அவரையும் ஏற்றிக்கொண்டோம்.

ஆலங்குடி தாண்டியதும் 'டமார்!' ஆத்தா முருகனைக் கூப்பிட்டாள். அவசரம் வண்டி நிற்கும் முன்பே குதித்தார்.

"கார்புரேட்டர்ல வெடிச்சா ஒரு சீக்கு, சைலன்சர்ல வெடிச்சா வேற சீக்கு. இது பின்னாலதான். பிளக்கு!"

பிளக்கைத் துடைத்தார். டமார். பெட்ரோலைக் குறைத்தார். டமார், டமார். மைலுக்கு மைல் சத்தம் கூடியதுதான் மிச்சம்.

கீரமங்கலத்துக்குள் நுழையும்போது விடாமல் வெடித்தது. எங்கள் பக்கத்தில் பெரிய வீட்டில் சாவு விழுந்தால் வேட்டுப் போட்டு ஊருக்குச் சொல்வார்கள். பெண்ணின் தாத்தாவோ ஒரு மாதமாகப் படுக்கையில். கேட்கவா வேண்டும்? நாங்கள் வாசலில் இறங்குவதற்குள் பத்துப் பெண்கள் மாரடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். உள்ளே தாத்தா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பெண்ணின் அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நல்ல காரியத்துக்குச் சாவு வேட்டோட வர்றீங்களா? வந்த வழியே போங்க."

ஆத்தா என்னைப் பார்த்தாள்.

அதற்குள் அவசரம் பானெட்டுக்குள் கைவிட்டு, பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொட்டார். கையோடு சுற்றியது. அதைப் பிடிக்கும் போல்ட்டை யாரும் முடுக்கவே இல்லை. ஓட ஓட அது நகர்ந்து, தீப்பொறி தாமதமாக விழுந்து, எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் வெடித்திருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு, காதாலேயே கேட்டுத் திருப்பி வைத்து முடுக்கினார். சத்தம் அடங்கியது.

பேசாமல் பானெட்டை மூடியிருக்கலாம். ஊரே நிற்கிறது. அங்கே கார் வைத்திருந்த மூன்று பேரும் அவருடைய வாடிக்கைக்காரர்கள்.

"ஐயா, குத்தம் என்னுதுங்க. நேத்து இந்த போல்ட்டை முடுக்காமலே அடுத்த வண்டிக்கு ஓடிட்டேன். திட்றதுன்னா என்னையத் திட்டுங்க. தம்பி மேல ஒண்ணுமில்லீங்க" என்றார்.

உள்ளேயிருந்து தாத்தாவின் குரல் வந்தது: "டேய், எனக்கு யார் யார் அழுவாகன்னு உசுரோட இருக்கையிலயே பாத்துட்டேன். இதுக்கு மேல என்னடா நல்ல சகுனம்? பொண்ணைக் கூப்பிடு."

கல்யாணம் நடந்தது. அந்த மூன்று பேரில் இரண்டு பேர் அதற்கப்புறம் அவரிடம் வண்டி விடவில்லை. அதைப்பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்கள் கல்யாணப் படத்தில் கிரீஸ் கறைச் சட்டையோடு எனக்கு வலப்பக்கம் நிற்பவர் அவர்தான். "இது யாரு, ஒங்க அண்ணனா?" என்று கேட்கிறவர்களிடம், ஆமாம் என்றுதான் இன்றுவரை சொல்லிவருகிறேன்.