போல்ட் சாமி எடுத்த கட்டு

ஒரகடத்தைச் சுற்றிப் போல்ட் செய்கிற கம்பெனி இருக்கிறது. போல்ட் முடுக்குகிற கம்பெனி இருக்கிறது. முடுக்கிய போல்ட் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் ஷிப்ட் ஷிப்டாக இருக்கிறார்கள். அப்படிப்பட்ட சீமையில், உடைந்த போல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஜனங்கள் ஒரு சாமியார் வாசலில் வரிசையில் நின்றார்கள். நின்றவர்களில் பாதிப் பேர் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட இல்லை.

சாமியாரின் பெயர் தணிகாசலம். முன்பு வாலாஜாபாத்தில் ஒரு லாரி பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறையில் கை கறுத்ததே தவிர வாழ்வு வெளுக்கவில்லை. ஒருநாள் கனவில் அம்மன் வந்தாள் என்று சொல்லிக்கொண்டு தாடி வளர்த்தார். சேரப்பணஞ்சேரியில் மூடிக் கிடந்த டயர் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். காவி கட்டினார். லாரிக்கு வைத்த செய்வினையை எடுப்பேன் என்றார். மற்ற சாமியார்கள் மனிதர்களுக்குப் பேய் ஓட்டிச் சீரழிகிறார்கள். மனிதன் என்றைக்காவது திருப்பிக் கேட்பான். லாரி கேட்காது. விவரமான ஆள்.

வெள்ளிக்கிழமைதோறும் கொட்டகை முன்னால் லாரிகள் நிற்கும். உடுக்கை ஒலிக்கும். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். சாம்பிராணிப் புகை கண்ணை மறைக்கும் நேரத்தில், சிஷ்யர் ஒருவர் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் நுழைவார். கொஞ்ச நேரம் கழித்து, கிரீஸ் அப்பிய ஒரு வளைந்த இரும்புத் துண்டோடு வெளியே வருவார். சாமி அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார்.

"பாத்துக்கோ. உன் எதிரி வச்ச கட்டு இதான்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். எதிரி செய்வினையை நட்டுப் போட்டு முடுக்கிவிட்டா போவான் என்று யாரும் கேட்கவில்லை. சாமியின் சொந்த லாரி கொட்டகைக்குப் பின்னால் பளபளவென்று நிற்கும். பழைய வண்டிதான், பக்தர்கள் புண்ணியத்தில் வாங்கியது. அது சாவியைத் திருப்பினால் ஒரே மூச்சில் கிளம்பும். போல்ட் உடைந்ததே இல்லை. அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்களும் இருந்தார்கள்.

முனிரத்தினம் இந்தக் கூட்டத்துக்கு வந்து சேர்ந்த கதை சிறியது. பென்னலூரில் இருந்த நிலத்தை விற்று ஒரு பழைய டீசல் லாரி வாங்கியவர். கம்பெனிக்குப் பாகங்கள் ஏற்றிப்போகும் வேலை. ஒருநாள் வண்டி கிளம்பவில்லை. எஞ்சினை முதலில் சுற்றிவிடுகிற ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்களில் ஒன்று உடைந்து போயிருந்தது. வாங்கிய நாளிலிருந்து யாரும் அதன் மேல் ஸ்பேனர் வைத்ததில்லை. ஆடி ஆடித் தளர்ந்தது, தளர்ந்தது உடைந்தது. புது போல்ட் போட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் முனிரத்தினத்துக்கு, நிலம் விற்றபோது பங்காளி பார்த்த பார்வை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. நேராகச் சாமியிடம் போனார்.

சாமி அவர் வண்டியிலிருந்தும் ஒரு கட்டு எடுத்தார். மஞ்சள் தண்ணீரில் முக்கிய போல்ட்களும் கொடுத்தார். அவை ஸ்ரீபெரும்புதூர் கடையில் அட்டைப் பெட்டியில் கிடந்தபோது வெறும் போல்ட். மஞ்சள் தண்ணீர் பட்டதும் விலை பல மடங்கு ஏறியது.

கொஞ்ச நாளில் மந்திரித்த போல்ட் உடைந்தது. முனிரத்தினம் பதறிப்போய் ஓடினார். சாமி சிரித்தார்.

"உன் உயிருக்கு வந்தத போல்ட் வாங்கிக்கினு போச்சு. சந்தோசப்படு."

முனிரத்தினம் சந்தோஷப்பட்டார். வேறு போல்ட் வாங்கினார். அதுவும் உடைந்தது. உடையாவிட்டால் மந்திரத்தின் சக்தி, உடைந்தால் அதைவிடப் பெரிய சக்தி. இப்படி ஒரு வியாபாரம் எந்தக் கம்பெனிக்கும் வாய்க்கவில்லை.

நடுவில் ஜெபகுமார் என்ற மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "ஸ்டார்ட்டருக்கு வாலுப்பக்கம் தாங்கிப் பிடிக்க ஒரு பிராக்கெட் இருக்கணுமே, எங்க அண்ணே?"

"அது செய்வினைப்பா. சாமி எடுத்துட்டாரு."

"செய்வினை இல்லண்ணே. அது வண்டியோட வந்த சாமான். அது இல்லாம இத்தன கனமும் முன்னாடி இருக்கற போல்ட்லதான் தொங்கும். எந்த போல்ட் போட்டாலும் ஒடையும்."

"நீ வேற சாமி கும்புடறவன். உனக்கு இதெல்லாம் இன்னா தெரியும்?" என்று சொல்லி முனிரத்தினம் மெக்கானிக்கை மாற்றிவிட்டார். போல்ட்டுக்கு மதம் உண்டு என்று அன்றைக்குத்தான் ஜெபகுமாருக்குத் தெரிந்தது.

வண்டியை ஓட்டிய இசக்கிபாண்டி தென்காசிப் பக்கத்துக்காரர். பாரம் நேரத்துக்குப் போகாமல் கம்பெனி கேட்டில் திட்டு வாங்கியவர் அவர்தான். ஒருநாள் ஒரே போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்த ஸ்டார்ட்டரை அவர் அடியில் படுத்துக் கையால் தூக்கிப் பிடித்தார். பேட்டரி ஒயர் வண்டியின் இரும்புச் சட்டத்தில் உரசித் தீப்பொறி பறந்தது. மணிக்கட்டு வெந்துபோனது. கட்டுப் போட்ட கையோடு முதலாளியும் அவருமாகச் சாமி முன்னால் போய் உட்கார்ந்தார்கள்.

"காலைல வண்டி எடுக்கறப்ப யார் மொகத்துல முழிக்கற?" என்றார் சாமி.

"சரோஜாக்கா கடையிலதான் டீ குடிப்பேன் சாமி."

"அவ வூட்டுக்காரன் இன்னா பண்றான்?"

"அவரு செத்து வருசம் ஆச்சு சாமி."

சாமி கண்ணை மூடினார். நெடுநேரம் கழித்துத் திறந்தார். "தாலி இல்லாத ஒரு பொம்பள கண்ணு உன் வண்டி மேல கீது. டீக்கடை மாதிரி தெரியுது."

முனிரத்தினம் ஆடிப்போனார். கேட்டுத் தெரிந்துகொண்டதைக் கண்ணை மூடித் திருப்பிச் சொன்னால் அதற்குப் பெயர் ஞானதிருஷ்டி.

சரோஜாவின் கடை லாரிகள் நிற்கும் மைதானத்துக்கு எதிரில் இருந்தது. கணவர் ரகுபதி மஞ்சள் காமாலையில் போனபிறகு, அந்தக் கடையை வைத்துத்தான் அவள் மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். செய்தி அன்று மாலைக்குள் மைதானம் முழுக்கப் பரவியது. மறுநாள் காலையில் டிரைவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். யாரோ அவள் கடைக்கும் மைதானத்துக்கும் நடுவில் ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். முனிரத்தினம் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. வண்டிங்கல்லாம் போனப்புறம் கடையத் தொற. அதுவரிக்கும் உள்ளயே இரு."

"வண்டிங்க போனப்புறம் யாருக்குண்ணே டீ போடறது? எனக்கேவா?"

 அன்றைக்கு அவித்த இட்லி அப்படியே இருந்தது. மறுநாள் பாதிதான் அவித்தாள், அதுவும் மீந்தது. இத்தனை வருஷம் தன் கையால் டீ வாங்கிக் குடித்தவர்கள் தன்னைக் கண்டதும் காறித் துப்பிவிட்டுப் போனதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இரண்டு நாள் அழுதாள். வெள்ளிக்கிழமை வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஷேர் ஆட்டோ ஏறிச் சேரப்பணஞ்சேரிக்குப் போனாள்.

அவளைப் பார்த்ததும் கூட்டம் விலகி வழிவிட்டது. மரியாதையால் அல்ல. உடுக்கை நின்றது.

"நீ இங்க வரக் கூடாது" என்றார் சாமி.

"என் கண்ணு வண்டிய ஒடைக்குதுன்னு சொன்னீங்களாமே. அத எனக்கு எதிர்ல சொல்லுங்க, கேட்டுக்கினு போறேன்."

சொல்லிவிட்டு அவள் சுற்றிலும் பார்த்தாள். கொட்டகை ஓரத்தில், எடுத்த கட்டுகளையெல்லாம் குவித்து மஞ்சள் குங்குமம் தெளித்து வைத்திருந்தார்கள். பெரிய குவியல். அவள் குனிந்து உற்றுப் பார்த்தாள். பிறகு ஒன்றைக் கையில் எடுத்தாள். கூட்டம் பின்வாங்கியது.

"இது இன்னா சாமி?"

"எதிரிங்க வச்ச கட்டு. கீழ போடு."

"எல்லாம் ஒரே எதிரியா?"

"ஒவ்வொரு வண்டிக்கு ஒவ்வொரு எதிரி."

"அப்ப எல்லா எதிரியும் ஒரே கடையிலதான் வாங்கியிருக்கான். ஒரே வளைவு, ஒரே எடத்துல ஓட்டை. பாருங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்தவர் உடனே பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். துஷ்ட சக்திக்கு உருவம் ஒன்றுதான் என்று சாமி சமாளித்தார். சரோஜாவுக்கு ஜெபகுமார் சொன்னது ஞாபகம் இருந்தது. அவர் அதைச் சொன்னது அவள் கடை வாசலில்தான். ஆனால் மெக்கானிக் சொன்னான் என்றால் இந்தக் கூட்டம் கேட்காது என்பதும் அவளுக்குத் தெரியும்.

"சரி சாமி. கட்டு இருந்தா போல்ட் உடையும், எடுத்துட்டா உடையாது. அதான நீங்க சொல்றது?"

"அதான்."

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். "போல்ட் உடையாத வண்டி இங்க எது?"

"சாமி வண்டிதான்" என்று நாலைந்து பேர் பெருமையாகச் சொன்னார்கள்.

"அப்ப அதுல கட்டு இருக்காது. வாங்க, பாத்துட்டு வரலாம்."

சாமியின் முகம் முதன்முறையாக மாறியது. "அது கோயில் மாதிரி. யாரும் தொடக் கூடாது."

"தொட வேணாம். குனிஞ்சு பாத்தாப் போதும்."

யாரும் நகரவில்லை. முனிரத்தினம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் இசக்கிபாண்டிதான் நகர்ந்தார். இரண்டு நாளாக அவருக்கும் சரியாகத் தூக்கமில்லை. கைநீட்டி டீ கொடுத்த பெண்ணைத் தன் வாயால்தான் காட்டிக்கொடுத்தோம் என்ற உறுத்தல். வெந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு சாமியின் லாரிக்கு அடியில் நுழைந்தார். எல்லாரும் காத்திருந்தார்கள்.

"யக்கா, கட்டு இருக்குக்கா. நல்லா இறுக்கி முறுக்கி வச்சிருக்காவ. ஆட்டிப் பாத்தேன், அசையல."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சாமி லேசுப்பட்டவரல்ல. "பாத்தீங்களா, எனக்கே வச்சிட்டானுங்க" என்றார்.

"அய்யய்யோ" என்றாள் சரோஜா. "உங்களுக்கேவா? அப்ப இப்பவே எடுத்துடலாம். வெள்ளிக்கிழம, நல்ல நேரம், சிஷ்யர் கையில ஸ்பேனரு. எல்லாம் தயாரா கீது."

"இன்னைக்கு வேணாம்."

"இவ்ளோ வண்டிக்கு இன்னைக்குத்தான நேரம் குறிச்சிருக்கீங்க?"

சிஷ்யரின் கையிலிருந்த ஸ்பேனரை முனிரத்தினமே வாங்கி அடியில் நீட்டினார். பக்தியால்தான் நீட்டினார். சாமிக்குச் செய்வினை என்றால் அவர் மனசு தாங்குமா. இசக்கிபாண்டி ஸ்பேனரைப் பொருத்தி ஒரு நெட்டு நெட்டினார். போல்ட் கிறீச்சிட்டது.

அந்தச் சத்தத்தில் சாமிக்குள் இருந்த பழைய பட்டறைக்காரர் விழித்துக்கொண்டார்.

"டேய், அதக் கழட்டாதடா. ஸ்டார்ட்டர் தொங்கிப்பூடும். முன்னாடி இருக்கற போல்ட்டெல்லாம் ஒடஞ்சிடும்டா."

சொன்னபிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே புரிந்தது. சாம்பிராணி மட்டும் புகைந்துகொண்டிருந்தது.

முனிரத்தினம் மெதுவாகக் கேட்டார். "அப்ப எங்க வண்டிலேர்ந்து கழட்டினது?"

 சிஷ்யர் நெற்றி விபூதியைத் துடைத்துக்கொண்டு வேலிப்பக்கம் நழுவினார். அதற்குள் கூட்டம் குவியலின் மேல் பாய்ந்துவிட்டது. நேற்றுவரை தொட்டால் ரத்தம் கக்கிச் சாவோம் என்று நம்பிய இரும்பை, என்னுது உன்னுது என்று அடித்துக்கொண்டு பொறுக்கினார்கள். இரண்டு பேர் சாமியின் காவியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்கள். போலீஸ் வந்து புகார் எழுதிக் கொடுக்கச் சொன்னபோது மட்டும் பலருக்கு அவசர வேலை வந்துவிட்டது. ஏமாந்தது வெளியே தெரியக் கூடாதல்லவா. சரோஜா எழுதிக் கொடுத்தாள். கீழே இசக்கிபாண்டி கையெழுத்துப் போட்டார். வெட்கப்பட்டுக்கொண்டே முனிரத்தினமும் போட்டார்.

ஜெபகுமார் மறுபடி வரவழைக்கப்பட்டார். பிராக்கெட்டைப் பூட்டி, மஞ்சள் பூசாத போல்ட்களைப் போட்டு முடுக்கினார். வண்டி கிளம்பியது. அடுத்தடுத்த வாரங்களிலும் கிளம்பியது. கட்டின கையே தார்ப்பாயை அவிழ்த்துவிட்டது. டிரைவர்கள் ஒவ்வொருவராக டீக்கு வந்தார்கள். சரோஜா யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. சர்க்கரை மட்டும் கொஞ்ச நாளைக்குக் குறைவாக விழுந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நம் ஜனங்களைப் பற்றி நான் நல்லவிதமாக நினைத்திருப்பேன்.

ஒருநாள் காலையில் முனிரத்தினம் தட்டில் கற்பூரம், பூ, தேங்காயோடு கடை வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் பல டிரைவர்கள். லாரிகளெல்லாம் கடையைப் பார்த்துத் திருப்பி நிறுத்தப்பட்டிருந்தன.

"எம்மா, உன் கண்ணு சாதாரண கண்ணு இல்லம்மா. அந்தத் திருடனையே பிடிச்சிச்சு. தெனமும் காலைல வண்டிய நீ ஒரு தபா பாத்து அனுப்பிச்சினா போதும். எங்களுக்கு ஒரு கொறையும் வராது."

சரோஜா அடுப்பைக் குறைத்தாள். தட்டிலிருந்த கற்பூரத்தை ஊதி அணைத்தாள்.

"கண்ணு உங்களுக்கும் ரெண்டு ரெண்டு கீது. என் மூஞ்சிய பாக்காம, குனிஞ்சு வண்டிய பாருங்க."