சந்தேகத்தால் சூடாகும் என்ஜின்

உலகத்தில் எந்த என்ஜினும் சூட்டால் கெட்டதில்லை. ஓட்டுகிறவனின் சந்தேகத்தால்தான் கெட்டிருக்கிறது.

இதைச் சொன்னவர் பிரதர் வெர்னன் ஸ்டால். சொன்ன இடம் மிச்சிகனில் எங்கள் ஊர்ப் பந்தயத் தடத்துக்குப் பக்கத்துக் கொட்டகை. கேட்டவர்களில் பாதிப் பேர் கார் தொழிற்சாலைக்காரர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. சில கார்களில் சூப்பர்சார்ஜர் என்று ஒரு காற்றடிப்பான் உண்டு. என்ஜின் ஒரு பெல்ட்டால் அதைச் சுழற்றும். அது என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். அதன் மூக்கில் பெல்ட் ஓடும் புல்லிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சின்னதாக ஒன்று மாட்டினால் இன்னும் வேகமாகச் சுழலும். காற்று கூடும், பலம் கூடும். கூடவே சூடும் கூடும், பெல்ட் வழுக்கும், பேரிங் சீக்கிரம் தேயும். எங்கள் ஊரில் பல் முளைக்குமுன் தெரிந்துகொள்ளும் சங்கதி இது. பிறகு பிரதர் வெர்னன் வந்து மறக்கக் கற்றுக்கொடுத்தார்.

அவர் விற்றதும் சாமான் கடையில் கிடைக்கும் அதே சின்னப் புல்லிதான். ஆனால் இவருடையது விழிப்புப் பெற்றது. இடது உள்ளங்கையில் வைத்து, ஒரு சின்னக் கம்பியால் தட்டி, காதருகே பிடித்துக் கேட்பார். "முழிச்சிடுச்சு" என்பார். விலை ஆறு மடங்காகிவிடும். தூங்குகிற இரும்பை எழுப்புவது லேசான வேலையா?

புல்லியோடு வட்டமாக ஒரு ஸ்டிக்கர் இலவசம். என்ஜினுக்குள் போகும் காற்றின் சூட்டை ஓட்டுகிறவருக்குக் காட்டும் முள் இருக்கிறதல்லவா, அதன் மேல் ஒட்ட வேண்டும். அளவு அவ்வளவு கச்சிதம். அவநம்பிக்கைக்காரன் பார்வை பட்டுத்தான் காற்று சூடாகிறது என்பது பிரதரின் கண்டுபிடிப்பு. முள்ளைப் பார்க்கிறவர்களுக்கு 'எட்டிப்பார்க்கிறவர்கள்' என்று பெயர் வைத்தார். எங்கள் ஊரில் அது வசவாகிவிட்டது. கடன் வாங்கித் திருப்பாதவனைக்கூட அப்படித் திட்டினார்கள்.

சனிக்கிழமை காலைகளில் அற்புதம் நடக்கும். காரை உருளைகள் மேல் ஏற்றுவார்கள். சக்கரம் அங்கேயே சுழல, திரையில் குதிரைத்திறன் தெரியும். முதலில் ஞானஸ்நானம். ஒரு மூட்டை ஐஸ்கட்டியை சூப்பர்சார்ஜர் மேல் வைத்து ஜெபம். ஜெபம் நீளமானது. ஐஸ் உருகி முடியும்போது ஆமென் வரும். பிறகு ஓட்டம், ஒன்றே ஒன்று. எண் எகிறும். இரண்டாம் தடவை கேட்பது அவநம்பிக்கை.

உத்தரவாதமும் உண்டு. கொட்டகைச் சுவரில் ஓர் ஆணி. அதில் அவருடைய கறுப்புக் காரின் சாவி. அவர் புல்லியால் யாருடைய என்ஜினாவது போனால் சாவியை எடுத்து அந்தக் காரையே ஓட்டிக்கொண்டு போகலாம். இரண்டு பேருக்கு என்ஜின் போகத்தான் செய்தது. எட்டிப்பார்த்தாயா என்று முதலாமவனைக் கேட்டார். ஒரே ஒரு தடவை என்று அவன் கூசினான். இரண்டாமவன் பார்க்கவே இல்லை என்று சத்தியம் செய்தான். "மனசுக்குள்ள?" என்று கேட்டார். அவனும் தலை குனிந்தான். சாவி ஆணியிலேயே இருந்தது.

என் அறைத்தோழன் லியோன் நோவிட்ஸ்கியும் ஒரு புல்லி வாங்கினான். வாங்கியபோது ஒரு சின்ன விவரத்தை மறந்துவிட்டான். அந்தக் காரில் பாதி அவன் அக்கா டோரீனுடையது. வாரநாட்களில் அவள் அதில்தான் பக்கத்து மாவட்டத்துப் பல் மருத்துவமனைக்கு வேலைக்குப் போகிறாள். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. இன்னொரு கார் வாங்க வழியும் கிடையாது. என்ஜின் போனால் வேலையும் போகும்.

புல்லி மாட்டிய வாரமே பெல்ட் கிறீச்சிட்டது. பானெட்டுக்குள் கறுப்புத் தூள் படிந்தது. மேட்டில் ஏறும்போது காருக்கு முன்பிருந்த மூச்சுகூட இல்லை.

"புதுசா முழிச்சது அப்படித்தான்க்கா கத்தும்," என்றான் லியோன்.

"தொட்டில் கட்டி ஆட்டேன்," என்றாள் டோரீன்.

அந்தச் சனிக்கிழமை சாட்சி சொல்ல லியோனின் காரை உருளையில் ஏற்றினார்கள். ஐஸ், ஜெபம், ஓட்டம். எண் எகிறியது. கூட்டம் கையிலிருந்த டோனட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டியது. டோரீன் காப்பிக் கோப்பையோடு முன்னால் போய், ஐஸ் இல்லாமல் மறுபடி ஓட்டச் சொன்னாள். தேவாலயத்தில் ஏப்பம் விட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"நீ சந்தேகத்தோட வந்திருக்கே, சிஸ்டர்," என்றார் வெர்னன் கனிவாக. "வண்டி தாங்காது."

"வாஸ்தவம் பிரதர். என் தம்பியையும் நம்ப முடியாது, அவனும் எட்டிப்பாக்கிற ஜாதிதான். இந்த ஊர்லயே சந்தேகம் இல்லாத ஆளு நீங்க ஒருத்தர்தான். நீங்க ஓட்டுங்க." ஆணியிலிருந்து சாவியை எடுத்து விரலில் மாட்டிக்கொண்டாள். "என்ஜின் போச்சுன்னா யாரு பாத்தா, யாரு நெனச்சான்னு விசாரிக்கிற வேலையே இல்ல."

"மானத்த வாங்காதக்கா," என்று லியோன் முணுமுணுத்தான்.

"மானத்துல ஏறி நான் வேலைக்குப் போக முடியாதுடா."

பிரதருக்கு நழுவ வழி இருந்திருக்கும். அதை அடைத்தது அவருடைய பக்தர்களேதான். ஓட்டிக் காட்டுங்க பிரதர், இந்தப் பெண்ணின் வாயை அடைங்க என்று அன்போடு தள்ளிக்கொண்டே போய்க் காருக்குள் உட்காரவைத்தார்கள். என்ஜினைப் பறிகொடுத்த இருவரும் முன்னால் நின்றார்கள்.

இரண்டாம் ஓட்டத்தில் எண் இறங்கியது. மூன்றாவதில், சின்னப் புல்லி போடுவதற்கு முன் இருந்ததற்கும் கீழே போனது. காற்று கொதித்தால் என்ஜின் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே பலத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்குப் பிரசங்கம் கேட்கும் பழக்கமில்லை.

"இன்னும் ஒண்ணு, பிரதர்," என்றான் என்ஜினைப் பறிகொடுத்த ஒருவன், மிகுந்த மரியாதையோடு.

பிரதர் மிதித்தார். பெல்ட் அலறியது. என்ஜினுக்குள் தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்குவது போல ஓர் ஓசை கிளம்பியது. சன்னலோரம் நின்ற டோரீன் சாவியை இறுக்கிய இறுக்கில் விரல்கள் வெளுத்திருந்தன. அந்த ஓசை இன்னும் கொஞ்சம் நீடித்தால் திங்கட்கிழமை அவளுக்கு வேலை இல்லை. பிரதரின் கண் ஒருமுறை சாவிக்குப் போனது. ஒருமுறை ஸ்டிக்கருக்குப் போனது. பிறகு, நெற்றி வேர்வையைத் துடைக்கப் போகிறவர் போலக் கையைத் தூக்கி, கட்டைவிரல் நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தை மெதுவாக உரித்து, உள்ளே பார்த்தார்.

மறுநொடி மிதியிலிருந்து கால் தானாக வந்துவிட்டது. என்ஜின் அடங்கியது.

"எட்டிப்பாத்தீங்களா, பிரதர்?" என்று டோரீன் மெல்லக் கேட்டாள்.

லியோன் டிக்கியைத் திறந்து பழைய பெரிய புல்லியைத் தேட ஆரம்பித்தான். பிரதர், இல்லை என்று தலையாட்டியபடியே ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டப் பார்த்தார். அது ஒட்டவில்லை.

முள்ளைப் பார்க்காதே என்று யாராவது உங்களிடம் சொன்னால், முதலில் அவர் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். அப்புறம் முள்ளைப் பாருங்கள்.