ஓ'நாய் திறந்த அயிரைப் பப்பு

ஒரு காட்டில், கண்மாய்க் கரையில், வெள்ளைத்தாய் என்றொரு கொக்கு இருந்தாள். மற்ற கொக்குகள் மீனுக்காக ஒற்றைக்காலில் நிற்கும். அவள் கவலைக்காக நிற்பாள். மழை வந்தால் கூடு நனையுமே என்று கவலை. வராவிட்டால் கண்மாய் வற்றுமே என்று கவலை. இரண்டும் இல்லாத நாளில், கவலைப்பட வேண்டியது எதையோ மறந்துவிட்டோமே என்று கவலை.

அவள் புருஷன் தவசி. பேருக்கேற்ற ஆள். கண்ணை மூடி ஒரு காலைத் தூக்கினால் உலகம் புரண்டாலும் இறக்கமாட்டார். ஒரே மகள், கயல்விழி. கொக்கு வீட்டில் மீன் பேரா என்று கேட்டவர்களிடம், "பிடிச்ச பேரைத்தானே வைக்க முடியும்?" என்பாள் வெள்ளைத்தாய்.

கயல்விழிக்கு வரன் தட்டிப்போய்க்கொண்டே இருந்தது. ஒரு வீட்டார் பெண்ணுக்குக் கழுத்து குட்டை என்றார்கள். இன்னொரு வீட்டார், கழுத்து சரிதான், கண்மாய்தான் குட்டை என்றார்கள். இப்படி இருக்கையில் வடக்கே பெரிய ஏரியிலிருந்து ஒரு நல்ல தகவல் வந்தது. கொண்டுவந்தது ஒரு தூக்கணாங்குருவி.

"அக்கா, வர்ற வெள்ளிக்கிழமை பெரிய ஏரிக்காரங்க பொண்ணு பாக்க வர்றாங்க. மாப்பிள்ளையோட அம்மா தங்கலெட்சுமி சொல்லி விட்டாங்க. வீட்டுல பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் வேண்டாமாம். இப்பல்லாம் வெளிய ஒரு நல்ல இடத்துலதான் பாக்குறதாம். உங்க பக்கம் புதுசா அயிரைப் பப்பு தொறந்திருக்காமே, அங்கயே வச்சுக்கலாமாம்."

"என்ன பப்பு?"

"அயிரைப் பப்பு. அவங்க அப்படித்தான் சொன்னாங்க."

அயிரை! அந்தப் பேரைக் கேட்டதும் தவசி ஒரு கண்ணைத் திறந்தார். விரல் நீளம்தான் இருக்கும், வாயில் போட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும். காட்டுக்கு மேற்கே யாரோ சாயப்பட்டறை வைத்த பிறகு கண்மாய்த் தண்ணீர் கறுத்து நுரை தள்ளியது. அயிரை போயே போய்விட்டது. கயல்விழி பிறந்ததிலிருந்து அயிரையைக் கண்ணால் பார்த்ததில்லை.

பப்பு என்றால் வெள்ளைத்தாய்க்குத் தெரியும். குழந்தைக்குப் பருப்புச் சோறு பிசைந்து ஊட்டும்போது சொல்வது. அயிரையைப் பருப்பில் போட்டுக் கடைவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். உடனே கவலை வந்தது. கடை எப்படியோ, என்னவோ? கடை மட்டமாக இருந்தால் பெண் வீட்டாரும் மட்டம் என்றாகிவிடும்.

"எனக்கு அவங்க பையனைத் தெரியும்மா. பேரு குமரேசன்" என்றாள் கயல்விழி. "பறக்குறப்ப கழுத்தை எவ்வளவு அழகா மடக்குவாரு தெரியுமா? காரியத்தைக் கெடுத்துராதீங்க."

மகள் இவ்வளவு பேசி வெள்ளைத்தாய் கேட்டதில்லை.

கடை போகத் தகுந்ததா என்று தெரிந்துகொள்ளக் கிளியிடம் போனாள். அந்தக் கிளி முன்பு சீட்டு எடுத்து ஜோசியம் சொல்லும். இப்போது செல்போனைப் பார்த்துச் சொல்கிறது. சீட்டைவிட இதை நம்புகிறவர்கள் அதிகம்.

"நாலரை நட்சத்திரம்" என்றது கிளி.

"நட்சத்திரமா? ரோகிணியா, மகமா? மூலமா இருந்தா ஆகாதே."

"ஐயோ அக்கா, இது கடைக்குப் போட்ட நட்சத்திரம். போய்ட்டு வந்தவங்க போடுறது. வாசிக்கிறேன், கேளு. எருமை: அஞ்சு நட்சத்திரம். 'படுக்க இடம் தாராளம், கடைசிவரை யாரும் எழுப்பவில்லை.' ஆந்தை: அஞ்சு. 'வெளிச்சம் அருமை, ஒன்றுமே தெரியவில்லை.' குரங்கு: ஒண்ணு. 'தேங்காய்ச் சட்னி கேட்டேன், சிரிக்கிறார்கள்.' ஆமை: மூணு. 'இன்னும் போய்ச் சேரவில்லை. ஆனாலும் தாமதம் அதிகம்.'"

"வேற?"

"ஒரு ஆடு போட்டிருக்கு. அஞ்சு. 'ஆடுகள் பயமில்லாமல் குடும்பத்தோடு வரலாம். கொழுத்த குட்டிகள் இருந்தால் அவசியம் அழைத்து வாருங்கள். இப்படிக்கு, ஒரு ஆடு.'"

"அந்த ஆட்டைப் பாத்துக் கேக்கலாமா?"

"அந்த ஆட்டை யாரும் பாத்ததில்ல அக்கா."

வெள்ளைத்தாய்க்கு எதுவும் விளங்கவில்லை. எருமைக்குப் படுக்கை நன்றாக இருந்தால் அயிரை நன்றாக இருக்கும் என்று ஆகுமா? நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று தவசியை இழுத்துக்கொண்டு போனாள்.

கடை முழுக்கப் பச்சை. கதவு பச்சை, நாற்காலி பச்சை. சுவரெல்லாம் புளியாரைக் கீரை வரைந்திருந்தது. கீரைக் கடை என்று நம்பி உள்ளே வந்த முயல் ஒன்று, திரும்பப் போக வெட்கப்பட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. சுவர்க்கோழி ஒன்று இறக்கையை இறக்கையோடு தேய்த்து வாசித்தது. பலகையில் 'ஐரிஷ் பப், உரிமையாளர்: ஓ'நாய்' என்று எழுதியிருந்தது.

"அயிரைன்னு எழுதத் தெரியல பாருங்க. ஐரிஷ்னு எழுதி வச்சிருக்கான்" என்றாள் வெள்ளைத்தாய். "பப்புக்குக் கொம்பும் போடல."

"கொம்பு இல்ல, காலு" என்றார் தவசி, கண்ணைத் திறக்காமல்.

ஓநாய் வந்து வணங்கியது. பட்டணத்துக் கடையொன்றில் எச்சில் கிளாஸ் பொறுக்கிக்கொண்டிருந்த ஓநாய்தான் அது. அங்கேதான் அதற்குத் தன் வம்சம் தெரியவந்ததாம்.

"அயர்லாந்துல எங்க ஆளுங்க எல்லாருக்கும் பேருக்கு முன்னால ஓ உண்டும்மா. ஓ'பிரையன், ஓ'கானர், ஓ'நாய். ஒரே வகையறா."

"நானும்தான்" என்று கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை நீண்டது. "ஓ'ணான்."

ஓநாய் அதை முறைத்துவிட்டு, "தூரத்துச் சொந்தம். பரிமாற வச்சிருக்கேன்" என்றது.

வெள்ளைத்தாய் ஓணானிடம் கேட்டாள். "அயிரை இருக்கா தம்பி?"

ஓணான் தலையாட்டியது.

"முள்ளு இல்லாம கிடைக்குமா?"

அதற்கும் தலையாட்டியது.

"அயிரையே கிடையாதா?"

அதற்கும் தலையாட்டியது. ஓணானுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

கடைசியில் ஓநாய்தான் சொன்னது. "அயிரை எல்லாம் இல்லம்மா. ஐ-ரி-ஷ். அது ஒரு தேசத்தோட பேரு. பப்புன்னா குடிக்கிற இடம்."

"அப்ப இது சாராயக் கடையா?" வெள்ளைத்தாய் இறக்கையால் அலகைப் பொத்திக்கொண்டாள்.

"சேச்சே. சாராயக் கடையில நின்னு குடிப்பாங்க, இங்க உக்காந்து குடிப்பாங்க. அங்க குடிச்சா குடிகாரன். இங்க குடிச்சா கஸ்டமர்."

வெள்ளைத்தாய்க்கு ஒரு தம்பி உண்டு. பனைமரத்துக் கலயத்தில் அலகை விட்டான் என்பதற்காக அவனை நல்லது கெட்டது எதற்கும் அவள் கூப்பிடுவதில்லை. பாவி, இங்கே வந்து உட்கார்ந்து குடித்திருந்தால் தாய்மாமனாக மாலை போட்டுக்கொண்டு நின்றிருப்பானே என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்தும் புலம்பல் ஓயவில்லை. "அயிரை இல்ல, நீங்க தப்பாக் கேட்டுட்டீங்கன்னு சொன்னா, மாப்பிள்ளை அம்மாவுக்குக் காது மந்தம்னு நாம சொன்ன மாதிரி ஆயிரும். சொல்லாம கூட்டிட்டுப் போனா, அயிரைன்னு ஏமாத்திக் கள்ளுக்கடைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு ஆயிரும். நான் என்னத்தைச் செய்வேன்?"

"பேசாம இரு" என்றார் தவசி. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை வந்தது. பெரிய ஏரிக்காரர்கள் ஒரு கூட்டமாக வந்து இறங்கினார்கள். தங்கலெட்சுமி முன்னால் நடந்தாள். கழுத்து நீளம், அதைவிடப் பேச்சு நீளம். குமரேசன் கயல்விழியைப் பார்த்துக் கழுத்தை மடக்கினான். அவள் வெட்கத்தில் சிறகைக் கோதினாள். ஓநாய் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் வரவேற்றது. ஒவ்வொருவர் தொடையையும் வேண்டியதற்கு மேல் கொஞ்சம் கூடவே பார்த்தது.

"வர்ற வழியெல்லாம் எங்க ஆளுங்ககிட்ட அயிரை பத்தித்தான் சொல்லிட்டு வந்தேன்" என்றாள் தங்கலெட்சுமி. "எங்க ஏரியில இல்லாத அயிரையா? ஆனாலும் வெளியிடத்து ருசி தனி, இல்லையா?"

"ஆமாங்க, ஆமாங்க" என்றாள் வெள்ளைத்தாய். ஓணானைப் போலவே அவள் தலையும் ஆடியது.

முதலில் கிளாஸ்கள் வந்தன. உள்ளே கன்னங்கரேல் என்று ஏதோ இருந்தது. மேலே திட்டுத்திட்டாக நுரை.

"அட, எங்க ஏரித் தண்ணி மாதிரியே இருக்கே!" என்று தங்கலெட்சுமி வாய்தவறிச் சொல்லிவிட்டாள். சொன்னதும் அலகை இறுக்க மூடிக்கொண்டாள்.

வெள்ளைத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். ஓகோ, பெரிய ஏரியும் இப்படித்தானா! ஏரி பெரிது என்றால் நுரையும் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். அங்கேயும் அயிரை கிடையாது. பெருமை மட்டும்தான் துள்ளுகிறது.

அடுத்து ஓணான் ஒரு பெரிய தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தது. விரல் நீளத்தில் பொன்னிறமாக வறுத்த துண்டுகள் குவிந்திருந்தன.

மாப்பிள்ளையின் அத்தை கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "ஏ தங்கம், இதுவா அயிரை?"

ஓணான் தலையாட்டியது.

கூட்டம் மொத்தமும் தங்கலெட்சுமியையே பார்த்தது. இல்லை என்று சொன்னால் இத்தனை தூரம் பறக்கவைத்துச் சொந்தக்காரர்களை ஏமாற்றியவள் ஆவாள். அவள் ஒரு துண்டை எடுத்தாள். மென்றாள். தொண்டைக்குள் அது நிதானமாக இறங்குவது வெளியிலிருந்தே தெரிந்தது.

"இதேதான். வேறென்ன? எங்க ஏரியில அள்ளி அள்ளித் தின்னது" என்றாள். சொல்லிவிட்டு வெள்ளைத்தாயைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

அந்தப் பார்வையில் அதட்டல் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. வெள்ளைத்தாய் தன் மகளைப் பார்த்தாள். மகளின் குட்டைக் கழுத்தைப் பார்த்தாள். இந்த வீடும் தட்டிப்போனால் அடுத்து வரப்போகிறவர்கள் என்ன குறை சொல்லுவார்களோ என்று ஒரு கவலை புறப்பட்டது. அது முழுசாக வந்து சேர்வதற்குள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"என்ன பதம், பாருங்க! முள்ளே தெரியல, சம்பந்தி."

சம்பந்தி என்ற சொல் விழுந்ததும் கூட்டமே இறக்கையடித்தது.

மூலையில் இருந்த முயல்தான் அடக்கமாட்டாமல் வாயைத் திறந்தது. "ஏங்க, அது உருளைக்கெழ..."

தவசி தூக்கியிருந்த காலைக் கீழே இறக்கினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை. கால் முயலின் வாய்மேல் இறங்கியது. மற்றபடி அவர் கண் மூடியேதான் இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் ஆளுக்கொரு துண்டு எடுத்தார்கள். தனக்கு மட்டும் அயிரை தெரியாது என்று காட்டிக்கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை. "அந்தக் காலத்து ருசி" என்றார் ஒருவர். "செதில் உரிச்சது நல்ல பக்குவம்" என்றார் இன்னொருவர். அத்தைக்குச் சந்தேகம் தீரவில்லை. ஆனாலும் அவளே மூன்றாவது தட்டு கேட்டாள். அங்கேயே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.

சம்பந்திகள் இருவரும் ஒன்றாகக் கிளியிடம் போய் ஆளுக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டார்கள். 'அயிரை பிரமாதம்' என்று எழுதச் சொன்னார்கள். அதைப் படித்துவிட்டுச் சுற்றுவட்டாரத்துக் கொக்கும் நாரையும் சாரிசாரியாக வந்தன. வந்தவை எல்லாம் தின்றுவிட்டு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு அஞ்சு போட்டன. ஓநாய் தன் அயர்லாந்து வம்சத்தை ஒரு வாளி சுண்ணாம்பில் முடித்தது. பலகையை அழித்து 'அசல் அயிரை' என்று எழுதியது. ஓணான் மட்டும் கொஞ்ச நாள் மனம் ஒடிந்து கிடந்தது.

கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. பந்தியில் அயிரை குவித்துப் பரிமாறினார்கள். காட்டுப்பன்றியின் தோட்டத்திலிருந்து மூட்டையாகத் தோண்டி வந்த அயிரை.

கயல்விழிக்குக் குஞ்சுகள் பிறந்தன. இறக்கை முளைத்ததும் அவை கண்மாய்ப் பக்கமே போகவில்லை. பன்றியின் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் போய் வரிசையாக ஒற்றைக்காலில் நின்றன.

பன்றி வேலி ஓரமாக வந்து கேட்டது. "என்ன பிள்ளைகளா, இங்க நிக்கிறீங்க?"

"அயிரை துள்ளும்ல, அதான்" என்றது மூத்தது.

வெள்ளைத்தாய் தூரத்திலிருந்து இதைப் பார்த்தாள். வெயிலில் எத்தனை நேரமாக நிற்கின்றனவோ? உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இரண்டு எட்டு எடுத்து வைத்தாள். சொன்னால் பிள்ளைகள் அப்பத்தாவிடம் போய்ச் சொல்லும். சம்பந்தி என்ன நினைப்பாள்? மருமகன் என்ன நினைப்பான்?

நின்றாள். கழுத்தை நீட்டிக் குரல் கொடுத்தாள்.

"ஆடாம நில்லுங்க கண்ணுகளா! அசைஞ்சீங்கன்னா ஓடிரும்!"

நீதி: ஒரே பொய்யை இரண்டு வீட்டாரும் கண் சிமிட்டாமல் சொல்ல முடிந்தால், ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை.