ஏதேன் புதைத்த குருத்தோலைகள்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். என் கோழிக்கிறுக்கலையும் எழுத்துப் பிழைகளையும் அச்சுக் கோப்பவர் மன்னிக்க வேண்டும். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு வாய் திறக்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

கடவுள் படைத்த உலகத்தைக் காப்பாற்றப் புறப்பட்டவர்களில் ஏதேனைப் போல அதற்குத் தொல்லை கொடுத்தவன் வேறு யாரும் இருக்க முடியாது. எண்ணூரில் எங்கள் மாதா கோயில் இளைஞர் குழுவுக்கு அவன்தான் தலைவன். எதைப் பேசினாலும் ஏதேன் தோட்டத்தில் ஆரம்பிப்பான், பெயர் ஒட்டிக்கொண்டது. அவன் நட்ட கன்றுகளால் எங்கள் தெரு ஆடுகள் கொழுத்தன. திருவிழாவில் வெடி கூடாது என்று, அதற்குப் பதிலாகக் குழுவைக் கைதட்ட வைத்தான். அந்தச் சத்தத்தில் மாதாவின் தேர், மழைத் தூறலில் போவது போலப் போனது.

ஒருநாள் நெரிசலில் நின்ற டேங்கர் லாரியின் கதவைத் தட்டினான்.

"அண்ணே, எஞ்சினை ஆஃப் பண்ணுங்க. கடவுளோட படைப்பு மூச்சுத் திணறுது."

டிரைவர் எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, நீ போலீஸா, பாதிரியா? ரெண்டுல ஒண்ண சொல்லு, அதுக்கேத்தாப்புல திட்டுறேன்."

இப்படித் தினம் ஒரு புகார். கடைசியில் ஃபாதர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரு கூத்து நடந்தா குழுவையே கலைச்சிடுவேன்." ஏதேனுக்கு முகம் செத்துவிட்டது. அந்தக் குழுவைத் தவிர அவன் பேச்சைக் கேட்க ஊரில் நாதியில்லை.

எங்கள் வழக்கம் இது: குருத்தோலை ஞாயிறன்று வாங்கிய ஓலையை வருஷம் முழுக்கச் சாமி படத்தில் செருகி வைப்போம். தவக்காலத்துக்கு முன் திருப்பிக் கொடுப்போம். அதை எரித்த சாம்பலைத்தான் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசுவார்கள். அந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு ஓலை சேகரிக்கும் வேலையை ஏதேன் வாங்கிக்கொண்டான். "ஓலை வேலை முடிஞ்சுதா?" என்று ஃபாதர் கேட்டபோது, "சுத்தமா முடிஞ்சுது ஃபாதர்" என்றான்.

புதன் விடியற்காலை. முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் சோற்று டப்பாவோடு நிற்கிறார்கள். சாம்பல் தட்டு காலி.

"சாம்பல் எங்கப்பா?"

"அது பிஷப் ஹவுஸ்லேர்ந்து பாக்கெட்ல வரும்தானே, ஃபாதர்?"

"ஓலை?"

"எரிச்சா புகை வரும்னு நறுக்கி, மீன் கழிவோட குழியில போட்டு உரமாக்கிட்டேன்."

பூமி சூடாவது பற்றி ஒரு மணி நேரம் பேசுவான். சாம்பல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது!

மீன் விற்கும் பிலோமினா அக்கா கத்தினாள். "அடப்பாவி! எண்ணூர்ல சாம்பலுக்காடா பஞ்சம்? அனல்மின் நிலையத்துச் சாம்பல் வுழுற என் வூட்டு மொட்ட மாடியப் பெருக்குனா ஊருக்கே பூசலாமேடா!"

"அந்தச் சாம்பலைத்தான் தினமும் பூசிக்கிட்டு இருக்கோமே, அக்கா" என்றார் ஃபாதர். யாரும் சிரிக்கவில்லை.

"குழுவக் கலைங்க ஃபாதர்!" என்று பின்னாலிருந்து ஒருவர் சத்தம் போட்டார்.

ஏதேன் ஓடினான். குழியைக் கையாலேயே தோண்டி, இரண்டு கை நிறையக் கறுப்பு மண்ணோடு வந்து நின்றான். கண்ணில் நீர். "இதுதான் ஃபாதர் உங்க ஓலை."

ஃபாதர் அதை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார். பிறகு அதைத் தட்டில் வாங்கிக்கொண்டார். "மண்ணுலேர்ந்து வந்தோம், மண்ணுக்குப் போறோம்னுதானே இன்னிக்கு நெத்தியில பூசுறோம்? மண்ணே வந்திருக்கு. வரிசையா வாங்க."

எல்லோரும் முணுமுணுத்தபடியே பூசிக்கொண்டோம். அன்று வேலைக்குப் போன பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கோயில் வரிசையில் ஏதேன்தான் கடைசியில் நின்றான். அவன் நெற்றியில் மட்டும் ஒரு கட்டியையே அப்பினார் ஃபாதர்.

"குழு, ஃபாதர்?"

"இருந்து தொலையட்டும். ஓலையை மட்டும் இனிமே தொடாதே."

இப்போது அவன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டான். அந்த ஊர் லாரிக்காரர்கள் பாவம். இன்று காலை முறைப்படி எரித்த, சலித்த சாம்பலைப் பூசினார்கள். நாள் முழுக்க என் நெற்றியில் ஒன்றுமே இல்லாதது போல இருந்தது.

எண்ணூர், திருநீற்றுப் புதன் மாலை.